மேல்வீட்டு ஓசை

யாழ்ப்பாணத்து வளவுகளில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே முற்றமும் கிணறும் வேலியும் இருந்தன. உரலில் மா இடிக்கும் ஓசை அடுத்த வளவை அடையுமுன் தேய்ந்துவிடும். (கோயில் ஒலிபெருக்கியின் கதை வேறு, அதனைத் தொடங்கின் இக்கட்டுரை முடிவுறாது.) கொழும்பின் தொடர்மாடிகளிலோ மேல்வீட்டாரின் நிலமே கீழ்வீட்டாரின் கூரையாகின்றது. கொங்கிறீற்றுத் தட்டில் நேரே விழும் அதிர்வினை யன்னலைச் சாத்தித் தடுத்தல் இயலாது. ஆகவே, அயலவர் ஒருவர் தம் வீட்டினுள் தம் அலுவலைச் செய்வதனால் எழும் ஓசையை நிறுத்துமாறு கேட்கும் உரிமை நமக்கு உண்டா என்னும் வினா இங்கு உண்மையிலேயே எழுகின்றது.

பிறருக்குத் தீங்கு விளையாத வரையில் ஒருவரின் சுதந்திரத்தில் தலையிடலாகாது என்பது யோன் ஸ்ருவேட் மில் 1859இல் வெளியிட்ட நூலின் சாரம். தொடர்மாடியில் இக்கோட்பாடு தடுமாறுகின்றது. குழந்தை ஓடுவதும் கதிரையை இழுப்பதும் கீழே இருப்பவருக்குச் சிறு தீங்கே. அனைத்தையும் விலக்கின் மேல்வீட்டார் வாழ்தலே இயலாது.

1879இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட வழக்கொன்று இவ்விடத்து நோக்கற்பாலது. இனிப்புப் பண்டம் செய்பவர் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் சமையற்கூடத்தில் உரல்களைப் பயன்படுத்தி வந்தார். அயலில் வசித்த வைத்தியர் பின்னர் அச்சுவரை ஒட்டியே நோயாளரைப் பார்வையிடும் அறையொன்றைக் கட்டி, உரலோசையைத் தடுக்குமாறு வழக்கிட்டார். தீர்ப்பும் வைத்தியருக்கே சார்பாயிற்று. 1960இல் இதனை ஆராய்ந்த பொருளியலாளர் றொனால்ட் கோஸ், தீங்கு இருபுறமும் செல்வது என்றார்: உரலை நிறுத்தின் பண்டம் செய்பவருக்குத் தீங்கு; நிறுத்தாவிடின் வைத்தியருக்குத் தீங்கு. இக்கூற்றுச் சரியே. ஆயின் எவர் பக்கத்துப் பயன் பெறுமதி மிக்கது என அவர் வழியில் கணக்கிடப் புகின், வறியவரின் உழைப்பு மலிவாக மதிக்கப்படும் அபாயம் உண்டென்பது என் கருத்து.

சட்டமும் ஓரளவுக்கே துணைவரும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என நமது உயர் நீதிமன்றம் 2007இல் பணித்தது. தையல் இயந்திரம் ஒலிபெருக்கி அன்று.

தையல் இயந்திரத்தை நான் காரணமின்றிக் குறிப்பிடவில்லை. சென்ற பரீட்சைக் காலத்தில் வெள்ளவத்தையிலுள்ள பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தேன். என் அறைக்கு நேர் மேலே நள்ளிரவு கடந்தும் இயந்திரம் ஓடிற்று. தொடர்மாடி முகாமைக் குழுவுக்கு முறைப்பாடொன்றை எழுதி வைத்தேன். அந்நாட்களில் நான் படித்துக்கொண்டிருந்தவர் சோப்பன்கோவர். இரைச்சல் சிந்தனையைக் கொல்வது எனச் சினந்து 1851இல் கட்டுரை வரைந்த அவர், 1821இல் பேர்லினில் தம் அறை வாயிலில் நின்று கதைத்த பெண்ணொருத்தியைப் பிடித்துத் தள்ளினார். நீதிமன்றத் தீர்ப்பின்படி அவள் இறக்கும் வரை பணம் செலுத்தினார். அவளும் ஒரு தையற்காரியே. இரைச்சலைப் பொறுப்போர் சிந்திக்கும் ஆற்றல் அற்றோர் என்பது அவர் கட்டுரையின் தொனி. என் முறைப்பாட்டை மீண்டும் வாசித்தேன். 'கற்கும் மாணவன்' என என்னை இருமுறை குறிப்பிட்டிருந்தேன். மேலே நிகழ்வதும் ஒரு வேலை என்பதை ஓரிடத்தேனும் குறிப்பிடவில்லை.

மறுநாள் மேலே சென்று கதவைத் தட்டினேன். விடியமுன் கடைக்குக் கொடுக்கவேண்டிய சட்டைகள் கட்டிலில் குவிந்திருந்தன. அந்த அம்மா வெட்கத்துடன், "கீழ கேட்குமெண்டு எனக்குத் தெரியாது தம்பி. எத்தினை மணிக்குப் படுக்கிறனீங்கள்?" என்றார். படிப்பதற்கே அமைதி வேண்டும், உறங்குவதற்கன்று என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பதினொரு மணி என்றேன். அன்றிரவே அவர் இயந்திரத்தை முன்மண்டபத்துக்கு நகர்த்தி, அதன் கீழே மடித்த சாக்கொன்றையும் இட்டார். என் அறையில் ஓசை பெரிதும் அடங்கிற்று. எங்கள் முன்மண்டபத்தில் உறங்கும் பாட்டியாருக்குக் காது மந்தம் என்பது எம் நற்பேறு.