நோயாளியிடம் நோயை மறைப்பது நியாயமா?

ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கும் ஒரு காட்சியை நம்மில் அநேகர் கண்டிருப்போம். சிலர் அதில் பங்கு கொண்டும் இருப்போம். டாக்டர் அறையை விட்டு வெளியே வருகிறார். மூத்த மகனும் மருமகனும் அவரை ஓரமாக அழைத்துச் செல்கிறார்கள். “எங்களிடம் சொல்லுங்கள், டாக்டர். அத்தாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவருக்குத் தாங்கும் சக்தி கிடையாது” என்று வேண்டிக்கொள்கிறார்கள். அன்று முதல் அந்த வீட்டில் குரல்கள் தணிந்துவிடுகின்றன. பெரியவருடைய உடம்பில் நடப்பது இன்னதென்று அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிகிறது. பக்கத்து வீட்டு மாமிக்கும் எப்படியோ தெரிந்துவிடுகிறது.

இது இரக்கமா, அநீதியா? இதுதான் இக்கட்டுரையில் நான் ஆராய விரும்பும் கேள்வி. மறைப்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு மறைப்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் மறைத்தவர்களில் ஒருவன்.

2009-ஆம் ஆண்டில் ஜொகூர் பாருவில் மளிகைக் கடை வைத்திருந்த என் தாய்மாமாவுக்கு வயிறு மெல்ல மெல்லப் பெருத்துக்கொண்டு வந்தது. சாப்பாடோ குறைந்துகொண்டு போயிற்று. சாரம் இறுக்கமாகிவிட்டது என்று அவர் சொன்னபோது, “கடை நல்ல வியாபாரம் போலிருக்கிறது, முதலாளிக்குத் தொந்தி வைத்துவிட்டதே!” என்று கேலி செய்தோம். பிறகு அடிவயிற்றில் குடலிறக்கம் கண்டது. அதைச் சரி செய்யக் கத்தி வைத்தபோதுதான் உள்ளே கூழ் போன்ற ஒரு பசை நிறைந்திருப்பதை டாக்டர்கள் கண்டார்கள். அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு ஒரு பெயர் சொன்னார்கள். சூடோமிக்சோமா பெரிட்டோனியை என்பது அந்தப் பெயர். 1884-ஆம் ஆண்டில் வெர்த் என்னும் ஜெர்மானிய வைத்தியர் சூட்டிய பெயர் அது.

இந்த வியாதி பத்து லட்சம் பேருக்கு ஓராண்டில் ஒருவர் முதல் நால்வர் வரைக்கும்தான் வருகிறது என்பர். பெரும்பாலும் அது குடல்வாலில் தொடங்குகிறது. நாம் ஒன்றுக்கும் உதவாது என்று நினைக்கும் அந்தச் சிறு வாலுக்குள் ஒரு கட்டி வளர்ந்து பசையைச் சுரக்கிறது. வால் பருத்து ஒருநாள் கசிகிறது அல்லது வெடிக்கிறது. பசையும் அதோடு கட்டியின் அணுக்களும் வயிற்றறைக்குள் சிந்தி, அங்குள்ள சவ்வின் மேல் படிந்து, மேலும் மேலும் பசையைச் சுரக்கின்றன. மற்றப் புற்றுநோய்களைப் போல இரத்தத்தின் வழியாகத் தொலைதூர உறுப்புகளுக்குப் போவது இதில் அபூர்வம். ஆனால் இருக்கும் இடத்திலேயே குடலையும் இரைப்பையையும் நெருக்கி, மனிதன் உண்ண முடியாதபடி செய்துவிடும். இவ்வளவும் வலியில்லாமல் வருஷக்கணக்கில் நடக்கக்கூடும். ஆகவேதான் ஆண்களுக்கு அது தொந்தியாகவும் குடலிறக்கமாகவும் தெரிகிறது. பெண்களுக்குக் கருப்பையை அடுத்த சினைப்பைக் கட்டியென்று கருதி ரண சிகிச்சை செய்யும்போது உண்மை வெளிப்படுவதும் உண்டு.

எங்களிடம் அந்த ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு விஷயங்கள் சொன்னார். ஒன்று, இது புற்றுநோய் வகையைச் சேர்ந்தது. இன்னொன்று, இதற்கென்று ஒரு பெரிய சிகிச்சை உண்டு. சிங்கப்பூரில் கேட்டுப் பார்க்கலாம். அமெரிக்க ரண வைத்தியர் பால் சுகர்பேக்கர் என்பவர் 1980-களிலிருந்து வளர்த்தெடுத்த முறை அது. வயிற்றைத் திறந்து, கண்ணுக்குத் தெரியும் கட்டி முழுவதையும் அது படிந்த சவ்வுகளோடு உரித்தெடுக்கிறார்கள். தேவைப்பட்டால் மண்ணீரலையும் பித்தப்பையையும் குடலின் ஒரு பகுதியையும் எடுத்துவிடுகிறார்கள். பிறகு 41 முதல் 43 பாகை வரை சூடாக்கிய மருந்து நீரை வயிற்றுக்குள் ஓடவிட்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வைத்திருக்கிறார்கள். எல்லாம் முடியப் பத்து மணி நேரம்கூட ஆகலாம். சிங்கப்பூர்த் தேசியப் புற்றுநோய் மையத்தில் 2001 முதல் இச்சிகிச்சை நடந்து வந்தது.

இப்படிப்பட்ட சிகிச்சைக்கு ஒருவரை அழைத்துப் போக வேண்டுமானால், அவருக்கு என்ன வியாதி என்று அவரிடம் சொல்லாமல் முடியுமா? முடியாது. நாங்கள் சொல்லவில்லை, ஆகவே அழைத்துப் போகவுமில்லை. “குடலில் கொஞ்சம் நீர் கட்டியிருக்கிறது, மாமா, மருந்தில் வற்றிவிடும்” என்று நான் என் வாயாலேயே சொன்னேன். எங்கள் வேண்டுகோளுக்கு டாக்டரும் இணங்கி, அதற்கு மேல் வற்புறுத்தாமல் இருந்துவிட்டார். எட்டு மாதங்கள் போயின.

அந்தச் சிகிச்சை மாமாவைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயுள் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. பத்து மணி நேர ரண சிகிச்சை வேண்டாம் என்று அவரே மறுத்திருக்கவும் கூடும். ஆனால் வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருடையது. அதை நாங்கள் எடுத்துக்கொண்டோம். சொத்தை எடுத்துக்கொண்டால் அபகரிப்பு என்கிறோம். இதற்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

மறைப்பதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவதையும் நியாயமாகக் கேட்க வேண்டும். நோயாளியை நம்பிக்கை இழக்கச் செய்யலாகாது என்பார்கள். நோயாளியைக் காணச் செல்பவர் அவருடைய ஆயுளைப் பற்றி ஆறுதலாகப் பேச வேண்டுமென்ற கருத்தில் திர்மிதியில் ஒரு ஹதீஸ் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியிருப்பினும் கருத்து நல்லதுதான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே காய்ச்சலில் கிடந்த ஒரு கிராமத்து அரபியைக் காணச் சென்று, கவலை வேண்டாம், இது பாவங்களைத் தூய்மையாக்கும் என்ற பொருளில் ஆறுதல் மொழிந்ததைப் புகாரியில் காண்கிறோம். ஆனால் கவனியுங்கள்: அந்த ஆறுதலில் பொய் ஏதும் இல்லை. உனக்குக் காய்ச்சலே இல்லை என்று அண்ணலார் சொல்லவில்லை.

மார்க்கம் மூன்று இடங்களில் பொய்க்கு இடம் தருகிறதே என்று என்னிடம் ஒருவர் வாதித்தார். பிணங்கியவர்களைச் சேர்த்து வைப்பது, போர், கணவன் மனைவியரிடையே இணக்கம் ஆகியவையே ஹதீஸில் கூறப்படும் அந்த மூன்றும். நோயாளியின் படுக்கை அப்பட்டியலில் இல்லை. நாமாக அதை நான்காவதாகச் சேர்த்துக்கொள்ள நமக்கு அதிகாரம் தந்தவர் யார்?

இன்னும் யோசித்துப் பாருங்கள். வசிய்யத்துச் செய்யத்தக்க பொருள் வைத்திருக்கும் முஸ்லிம் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்ற கருத்துள்ள நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஜனாஸாத் தொழுகைக்கு முன் மையித்துக்குக் கடன் உண்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்ததும் நாம் அறிந்ததே. கடன், அமானிதம், விடுபட்ட நோன்புக்கு ஃபித்யா, மனம் நோகச் செய்தவர்களிடம் மாப்பு இவற்றையெல்லாம் தீர்த்துக்கொள்ள ஒரு மனிதனுக்கு மிஞ்சியிருக்கும் காலம் எவ்வளவு விலை மதிப்புள்ளது! அந்தக் காலம் சுருங்கிவிட்டது என்பதை அவனிடமிருந்து மறைப்பவன், அவனுடைய மறுமைக் கணக்கிலல்லவா கை வைக்கிறான்?

ஆனால் உண்மை சொல்வது என்றால் படுக்கையருகே நின்று நாள் கணக்குப் படிப்பதல்ல. எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், பிள்ளைகளிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று தாமே சொல்லும் நோயாளிகளும் உண்டு. அவர்களுக்கு அந்த உரிமையும் உண்டு. ஆகவே முதலில் கேட்க வேண்டும். “டாக்டர் சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டுமா, நாங்கள் பார்த்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்பதற்கு ஒரு நிமிஷம் போதும். நாங்கள் அந்த ஒரு நிமிஷத்துக்கு அஞ்சி எட்டு மாதங்களைச் செலவழித்தோம்.

எல்லாம் தக்தீர், எதற்குச் சிங்கப்பூரும் லண்டனும் என்று சொன்னவர்களும் எங்கள் உறவில் இருந்தார்கள். ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் பரவியிருக்கிறதென்று கேட்டு உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பியதும், தக்தீரை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியதும், அல்லாஹ்வின் ஒரு தக்தீரிலிருந்து அவனுடைய மற்றொரு தக்தீருக்கே போவதாக உமர் (ரலி) அவர்கள் விடையளித்ததும் பிள்ளைகளுக்கு மதரஸாவில் சொல்லித் தரும் வரலாறு. பெரியவர்கள் மறந்துவிடுகிறோம்.

அபூர்வ வியாதிக்காரருக்கு வேறொரு துன்பமும் உண்டு, அதுதான் தனிமை. சர்க்கரை வியாதிக்காரர் தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்தால் பக்கத்து மேசையிலேயே இரண்டு தோழர்கள் கிடைப்பார்கள். இவருக்கு ஊர் முழுவதும் தேடினாலும் ஒருவர் கிடைக்கமாட்டார். வியாதியின் பெயரைச் சொன்னால் டாக்டர்களிலேயே சிலர் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கும். ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் குடல்வாலில் தொடங்கிய இவ்வகை நோயால்தான் 1993 ஜனவரியில் தமது 63-ஆவது வயதில் காலமானார். அவரை அறிந்த கோடிக்கணக்கானோரில் அவருடைய நோயை அறிந்தவர் எத்தனை பேர்? ஆயினும் இன்று நிலைமை முழு இருட்டாக இல்லை. இங்கிலாந்தில் இந்நோயாளிகளுக்கென்றே தரும ஸ்தாபனம் இருக்கிறது. கடல் கடந்த நோயாளிகள் கணினியின் வழியே ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள். நம் பக்கத்தில் 1964-இல் தோன்றிய சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கமும், 1966-இல் தோன்றிய மலேசியத் தேசியப் புற்றுநோய்ச் சங்கமும் எல்லாவகைப் புற்றுநோயாளிகளுக்கும் உதவத் தோன்றியவை. இச்சிகிச்சையில் தேர்ந்த 16 நிலையங்களில் சிகிச்சை பெற்ற 2,298 பேரைக் கணக்கெடுத்து 2012-இல் வெளிவந்த ஆய்வின்படி, பத்தாண்டுகளுக்குப் பின்னும் நூற்றுக்கு 63 பேர் உயிரோடிருந்தனர். பெரிய ரண சிகிச்சைக்குத் தக்கவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் கணக்கு அது; எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. இருந்தாலும் இச்செய்தியை ஒரு நோயாளி கேட்க வேண்டாமா? பெயரையே மறைத்துவிட்டால் இவை எதுவும் அவரை எட்டாது. பெயர் தெரிந்தால்தான் தோழரைத் தேட முடியும்.

வாசகர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. குடல்வாலை எடுத்தவர்கள், எடுத்த தசையைச் சோதித்த முடிவு என்ன என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டு வையுங்கள். உணவு குறைந்தும் வயிறு மட்டும் பெருத்துக்கொண்டு போனால், தொந்தியென்று சிரித்துவிட்டுப் போகாமல் சோதித்துப் பாருங்கள். பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணமாகவே இருக்கும், பயம் வேண்டாம்.

நோய் விசாரிக்கப் போகும் நம்முடைய வழக்கத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மாமாவைக் காண வந்தவர்களில் ஒருவர் துரியான் பிளாண்டா இலைக் கஷாயம் சொன்னார். ஒருவர் போமோவின் விலாசம் கொடுத்தார். ஒருவர் யாரோ செய்வினை வைத்துவிட்டதாகக் குசுகுசுத்தார். என்ன பாவம் செய்தாரோ என்று மாமியின் காதுபடவே ஒருவர் பெருமூச்சு விட்டார். அய்யூப் நபி (அலை) அவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று அவரைக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது தோன்றவில்லை. கடைப் பையன் ஒருவன் மட்டும் தினமும் வந்து, ஒன்றும் பேசாமல் கால் பிடித்துவிட்டு, அன்றைய கணக்கைச் சொல்லிவிட்டுப் போவான். மாமா எதிர்பார்த்திருந்தது அவனைத்தான்.

இச்சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்கு மலம் வெளியேற வயிற்றில் வழி செய்து பை பொருத்தியிருப்பார்கள். உளூ நிலைக்காதே என்று வெட்கப்பட்டு அவர்கள் ஜும்ஆவை விட்டுவிடுவதுண்டு. நீங்காத தடை உள்ளவர் ஒவ்வொரு பர்லுத் தொழுகைக்கும் அதன் வக்து வந்தபின் உளூச் செய்து தொழுதுகொள்ளலாம் என்பது ஃபிக்ஹு நூல்களில் உள்ள சட்டம். அவரவர் மத்ஹபின்படி விவரத்தை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். கதவோரமாக ஓர் இடம் விட்டுக்கொடுத்து, வயிற்றைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து ஸலாம் சொல்வது மற்றவர்களாகிய நம் வேலை.

நிற்க. மாமாவின் கதையை முடிக்கவில்லை. எட்டாம் மாதத்தில் ஒருநாள் மாலை அவர் என்னை அழைத்து, தலையணைக்கு அடியிலிருந்து தம்முடைய ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து நீட்டினார். “மருமகனே, இதில் எழுதியிருப்பதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து எப்போதோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன். என்னவென்று அவன் சொன்னான். பெயர்தான் என் வாயில் நுழையவில்லை. உனக்குச் சொல்ல வருமா?” என்றார். நான் அழுதுகொண்டே சொன்னேன். “நீங்களெல்லாம் மறைக்கச் சிரமப்படுகிறீர்கள் என்றுதான் நானும் தெரியாதவன் போல இருந்துவிட்டேன்” என்றார். அடுத்த வாரமே விசாரித்தோம். அவர் உடம்பு பெரிய சிகிச்சையைத் தாங்கும் நிலையைக் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

அதன்பின் மூன்று மாலைகள் அவர் சொல்லச் சொல்ல நான் கணக்கு எழுதினேன். வர வேண்டியதில் பாதியைத் தள்ளுபடி செய்தார். கொடுக்க வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னார். கடை தொடங்கிய காலத்தில் கைமாற்றாக நானூறு வெள்ளி கொடுத்துவிட்டுத் தென்காசிப் பக்கம் போய்விட்ட ஒரு நண்பரின் முகம் நினைவில் இருந்தது, பெயர் வரவில்லை. வலிக்குக் கொடுத்த மருந்தில் அவருடைய ஞாபகம் கலங்கத் தொடங்கியிருந்தது. “போன வருஷம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே” என்று இரண்டு முறை சொன்னார். 2010-இல் அவர் மவுத்தானபின் ஊரிலும் விசாரித்துப் பார்த்தோம், ஆள் கிடைக்கவில்லை. ஆலிமைக் கேட்டு, அந்த நானூறு வெள்ளியை உரியவர் பெயரால் சதக்காவாகக் கொடுத்தோம். உரியவரோ வாரிசோ வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஆலிம் சொன்னதால், அந்தக் கணக்குப் புத்தகத்தை இன்றும் வைத்திருக்கிறேன்.