குழந்தையின் கையில் கொடுக்கும் பொருள்

2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய் தலைப்புச் செய்தி ஆனது. முதலில் புதுச்சேரியும், சில நாட்களில் தமிழ்நாடும் அதன் விற்பனைக்குத் தடை விதித்தன. சென்னையில் எடுத்த மாதிரிகளைக் கிண்டியில் உள்ள அரசு ஆய்வகத்தில் சோதித்தபோது, அவற்றில் ரோடமின் பி கலந்திருப்பது உறுதியானது. அது துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் சாயம். உணவில் சேர்க்க அனுமதி இல்லாதது. மார்ச் மாதம் கர்நாடகமும் இதே சாயத்தின் பெயரால் நடவடிக்கை எடுத்தது.

தடை வந்த கையோடு ஒரு வாதமும் கிளம்பியது. பொட்டலங்கள் தொங்கும் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடற்கரை மணலில் நடந்து விற்கும் ஏழையின் வயிற்றில் அடிக்கலாமா? கேள்வி நெஞ்சைத் தொடுகிறது. ஆனாலும் தீர்ப்பில் தயக்கத்துக்கு இடமில்லை. தெரிந்தே ஒரு குழந்தையின் கையில் சாயத்தைக் கொடுக்கும் தொழிலை எந்த வறுமையும் நியாயப்படுத்தாது.

பஞ்சு மிட்டாய் மட்டுமல்ல, எதை விற்றாலும் நெஞ்சில் ஈரத்தோடு ஒரு சிறு கடையை நடத்தப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். பிள்ளைப் பருவத்தில் கற்றதை மறக்காமல் இருந்தாலே போதும். பள்ளிக்கூட வாசலில் ஒரே ஒரு கமர்கட்டு இருக்கும், பங்குக்கு இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவன் அதைச் சட்டை நுனியில் பொதிந்து, எச்சில் படாமல் நறுக்கென்று கடித்து உடைத்து, பாதியை நண்பனிடம் நீட்டுவான். காக்காய்க் கடி! தான் தின்பது எப்படியோ போகட்டும், அடுத்தவன் வாய்க்குப் போவதில் எச்சில் படக்கூடாது என்ற விதியை அந்த வயதிலேயே அத்தனை பேரும் மதித்தோம். ஆறு வயதில் நண்பனுக்குக் காட்டிய அந்தக் கூச்சம், நாற்பது வயதில் கடைக்கு வந்தவரிடம் எப்படிக் காணாமல் போகிறது?

பல வீடுகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. பலகாரத்தைப் பங்கு போடும் பிள்ளை தன் பங்கைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். கத்தி தன் கையில் இருப்பதால் கிடைக்கும் சலுகையை அவன் தனக்கே பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். தராசு யார் கையில் இருக்கிறதோ அவருக்கும் இதுவே விதி.

எல்லாவற்றிலும் பெரிய பாடம், கடைக்கு அனுப்பப்பட்ட குழந்தை கற்றது. வாங்க வேண்டியதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே, வியர்த்த கைக்குள் காசைப் பொத்திக்கொண்டு போகும் பிள்ளைக்கு எடை தெரியாது, விலை தெரியாது, பழசு புதுசு தெரியாது. நல்ல கடைக்காரர் அந்தப் பிள்ளைக்குத்தான் கூடுதல் கவனத்தோடு நிறுப்பார். மீதிச் சில்லறையைக் காகிதத்தில் மடித்துப் பையின் அடியில் வைத்து, “அம்மாகிட்ட பத்திரமா குடு கண்ணு” என்று சொல்லி அனுப்புவார். சிறுபிள்ளையை நம்பி அனுப்பலாம் என்று ஒரு தெரு சொல்லும் கடைக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் எது?

இன்று வாங்குபவர்கள் எல்லாருமே ஒரு வகையில் அந்தக் குழந்தைதான். எண்ணெயில் என்ன கலந்திருக்கிறது, மிளகாய்த் தூளின் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. சரிபார்க்க முடியாதவரிடம் காட்டும் நேர்மைதான் நேர்மை. அன்பொழுகப் பேசி, கொசுறாகக் கறிவேப்பிலையும் போட்டு, எடையில் ஐம்பது கிராம் குறைப்பவரின் கனிவால் யாருக்கு என்ன பயன்? முதலில் அளவு சரியாக இருக்கட்டும், கொசுறு பிறகு வரட்டும்.

நம் முன்னோர் இதில் ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை. ஔவையின் ஆத்திசூடியில் ஆய்த எழுத்துக்கு உரிய அறிவுரை, தானியத்தை அளவு குறைத்து விற்காதே என்பது. எழுத்துப் பழகும் பருவத்திலேயே வணிக அறத்தையும் கற்பித்த மரபு இது. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் பழிக்கு அஞ்சியவர்கள். வாங்கும்போது மிகுதியாகக் கொள்ளாமலும், விற்கும்போது குறைவாகக் கொடுக்காமலும் வாழ்ந்தவர்கள். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனாரும் அறவழி தவறாத வணிகரையே போற்றுகிறார். வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில், பிறர் பொருளையும் தன்னுடையது போல் பேணுவதே வணிகருக்கு வணிகம் என்கிறார். அதே அதிகாரத்தில், நன்மையே தருவதானாலும் நடுவுநிலை தவறி வரும் ஆக்கத்தை அன்றே விட்டுவிடச் சொல்கிறார். நாளைக்கு என்று தள்ளிப்போட அவர் இடம் தரவில்லை.

தடைக்கு எதிரான பிழைப்பு வாதத்திலும் நியாயம் உண்டு. விற்றவர்களில் பலருக்குத் தாங்கள் கலப்பது என்னவென்றே தெரியாமல் இருந்திருக்கலாம். ஒரே நாளில் வருமானம் நின்றுபோவது கொடுமைதான். ஆனால் குழந்தைகள் உண்ணும் பொருளை விற்க வந்தவருக்கு, தெரிந்துகொள்வதும் தொழிலின் பகுதி. அனுமதிக்கப்பட்ட உணவு நிறமியின் பொட்டலத்தில் 14 இலக்க உரிம எண் இருக்கும். துணிச்சாயத்தில் அது இருக்காது. அனுமதி பெற்ற செயற்கை நிறமிக்கும் பெரும்பாலான பண்டங்களில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்ற வரம்பு உண்டு. இவ்வளவு ஏன், சீனியின் சொந்த நிறம் வெள்ளை. நிறமே இல்லாமலும் அது இனிக்கும். ரோஜா நிறத்தைப் பார்த்து அடம்பிடிக்கும் பிள்ளைக்கு அதையே வாங்கிக் கொடுத்த பெற்றோரும் இந்தப் பழியில் ஒரு பங்கை ஏற்கத்தான் வேண்டும்.

சாயத்தை உணவுக்கென்று தெரிந்தே கட்டிக் கொடுத்த மொத்த வியாபாரி இருந்தால் அவருக்கு இன்னும் கடுமையான தண்டனை வேண்டும். கடற்கரையில் கம்பு சுமப்பவரைப் பிடிப்பது எளிது, கிடங்குக்குள் நுழைவதுதான் கடினம். பறிமுதல் செய்யும் நாளிலேயே, எந்த நிறமிக்கு அனுமதி உண்டு, எவ்வளவு சேர்க்கலாம், எங்கே பதிவு செய்ய வேண்டும் என்பதை அதிகாரிகள் அந்தக் கம்பு சுமப்பவருக்குச் சொல்லித்தர வேண்டும். அதுவும் அவருக்குப் புரியும் மொழியில். பஞ்சு மிட்டாய் விற்பவர்களில் பலர் பிழைப்புக்காக வட மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். தமிழில் மட்டும் அச்சடித்து ஒட்டிய எச்சரிக்கை அவர்களுக்கு எட்டாது.