அடுத்த வீட்டுக் கதவு

மேட்டூர் அணை நிரம்பிவிட்டது என்றால், சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு மகிழ்ச்சியும் அச்சமும் ஒருசேர வருகின்றன. வாய்க்காலில் நீர் ஓடும் என்பது மகிழ்ச்சி. காவிரி கரை மீறுமோ என்பது அச்சம். 2022 ஆகஸ்டில் அணையிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டபோது, குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மக்கள் முகாம்களில் தங்க நேர்ந்தது.

எச்சரிப்பதும் முகாம் அமைப்பதும் அரசின் கடமை. ஆனால் ஒலிபெருக்கியின் குரல் வீதி வரைதான் வரும். படுக்கையில் கிடக்கும் முதியவரைத் தூக்கிவர வீட்டுக்குள் நுழைபவர் யார்? மகன் லாரி ஓட்டி வடக்கே போயிருப்பார். அல்லது திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வெளிமாநிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டிருப்பார். அந்நேரத்தில் எட்டுகின்ற கை அடுத்த வீட்டுக்காரரின் கைதான்.

ஜப்பானில் இந்த உண்மை கண்கூடாக விளங்கியது. 1995 ஜனவரி 17 விடியற்காலையில் கோபே நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் நிலநடுக்கம் தாக்கிற்று. 6,000 பேருக்கு மேல் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து உயிருடன் வெளிவந்தவர்களுள் பெரும்பாலோரைக் காப்பாற்றியவர்கள் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாருமே. நடுக்கத்தின் மையத்திற்கு அருகே, அவாஜித் தீவில் ஹொகுடான் என்றொரு சிற்றூர். எந்த வீட்டில் யார் எந்த அறையில் உறங்குவார் என்பது அங்கே அண்டை வீட்டாருக்குத் தெரியும். ஆகவே எங்கே தோண்டுவது என்று அவர்கள் திகைக்கவில்லை. மீட்புப் பணி அன்றைக்கே முடிந்தது.

நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நம் பங்குப் பதிவேட்டில் திருமுழுக்கு நாள் இருக்கிறது, திருமண நாள் இருக்கிறது. நடக்க இயலாதவர் எந்த அறையில் படுத்திருக்கிறார் என்பது இருக்கிறதா? அன்பியக் கூட்டங்களில் நம் குடும்பங்கள் ஒன்றுகூடுகின்றன, நல்லதுதான். ஆனால் நம் மதிலுக்கு அப்பால் வாழ்பவர் வேறு சமயத்தவராகவோ வேறு சாதியினராகவோ இருந்தால், அவரது பெயராவது நமக்குத் தெரியுமா? வெள்ளம் அன்பியத்தின் எல்லை பார்த்துப் புகுவதில்லை.

இங்கே ஒரு கேள்வி எழலாம். ஆபத்தில் உதவுவார் என்று எண்ணி அயலாரோடு பழகுவது அன்பாகுமா? அது ஒருவகைக் காப்பீடு ஆகிவிடாதா? நேர்மையான கேள்வி. ஆதாயத்திற்காகவே பழகுகிறவரை ஊர் விரைவில் அடையாளம் கண்டுகொள்ளும். அத்தகைய உறவு இக்கட்டில் நிற்காது. ஆனால் ‘எனக்கு யார் தயவும் வேண்டாம்’ என்று கதவடைத்து வாழ்வது மட்டும் தூய அன்பா? அது தன்னலத்தின் இன்னொரு முகமன்றோ?

லூக்கா நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தில் நள்ளிரவில் கதவு தட்டும் மனிதர் ஒருவரை இயேசு பெருமான் காட்டுகிறார். செபத்தைப் பற்றிய உவமை அது. எனினும் அயல் உறவைப் பற்றியும் நமக்குப் பாடம் சொல்கிறது. அவர் கேட்ட அப்பம் தமக்கன்று, வீட்டிற்கு வந்த விருந்தினருக்கு. உள்ளேயிருப்பவர் முணுமுணுக்கிறார், பிள்ளைகள் உறங்குவதைக் காரணம் சொல்கிறார். ஆயினும் இறுதியில் எழுந்து வருகிறார். அயலார் புனிதராக இருக்க வேண்டும் என்பதில்லை. முணுமுணுக்கும் அயலாராயினும் போதும். அவர் கதவைத் தட்டும் உரிமை நமக்கும், நம் கதவைத் தட்டும் உரிமை அவருக்கும் இருக்க வேண்டும்.

அந்த உரிமை ஆபத்து நாளில் பிறப்பதன்று. வேலித் தகராற்றில் ஐந்தாண்டு பேசாதிருந்தவரிடம், தண்ணீர் வாசற்படி ஏறும் வேளையில் என்ன சொல்லி உதவி கேட்போம்? அவர் ஓடி வரலாம். மனித மனத்தில் அந்தக் கருணை உண்டு. ஆனால் நம் தாய் எந்த அறையில் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாதே!

எனவே இன்றே தொடங்குவோம். கொடுப்பதில் தொடங்குவது எளிது. அதில் நம் பெருமையும் கலந்துவிடுகிறது. கேட்பதில் தொடங்கிப் பார்ப்போம். கொஞ்சம் உறைமோர், ஓர் ஏணி, வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியை வைத்துக்கொள்ளும் நம்பிக்கை. ‘எனக்கு நீங்கள் வேண்டும்’ என்று ஒப்புக்கொள்ளும் தாழ்ச்சி அதில் இருக்கிறது. நாம் கேட்ட கதவில், நாளை அவரும் தயங்காமல் கேட்பார்.

மேட்டூர் மீண்டும் நிரம்பும். அதற்குள் அடுத்த வீட்டாரின் பெயரையேனும் அறிந்துகொள்வோமா?