தனிப்பந்தி

ஆசிரியன் தன்னளவில் பேதம் பாராட்டாதவனாக இருந்தால் போதுமா என்பதே என் கேள்வி. போதும் என்றுதான் பொதுவாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஒருவரை நல்ல மனம் படைத்த ஆசிரியர் என்று சொல்லிவிட்டால் விசாரணை அதோடு நின்றுவிடுகிறது. இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கச் சேரன்மாதேவி குருகுலத்தைவிடப் பொருத்தமான உதாரணம் நம்மிடம் இல்லை. காரணம், அங்கே ஆசிரியர் உண்மையிலேயே நல்லவர்.

வ.வே.சு. ஐயரை நம் வட்டம் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவராகவும், கம்பனை ஹோமரோடும் மில்டனோடும் வைத்துப் பார்த்த விமர்சகராகவும் அறியும். லண்டனில் பாரிஸ்டர் படிப்பு, புதுச்சேரியில் தஞ்சம், பிறகு சிறை என்று வந்த ஒருவர் 1922-ல் ஒரு பள்ளியைத் தொடங்கியது சாதாரணக் காரியம் அல்ல. சர்க்கார் கல்விக்கு மாற்றாகத் தமிழ்வழிக் கல்வி, தேசியக் கல்வி என்பது அவர் கனவு. பொதுமக்களிடம் நிதி திரட்டினார். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 கொடுத்தது. இந்தக் குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்கள் மட்டும், பெற்றோர் கேட்டுக்கொண்டபடி, தனியே உண்டார்கள். வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் எழுப்பிய குற்றச்சாட்டுகள் இதைவிடப் பெரியவை. ஐயர் தரப்பே மறுக்காத இந்தச் சிறு அளவை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். பிரச்னை இந்த அளவிலேயே முழுதாக இருக்கிறது.

ஐயர் தாம் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடக்கூடியவர். பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். 1925-ல் காந்தி சொன்ன சமரசமும் இதை ஒட்டியதே: அந்த இருவர் மட்டில் வாக்கைக் காப்பாற்றலாம், இனி அப்படி யாரையும் சேர்க்கக்கூடாது.

ஐயர் தரப்பு வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிப் பார்க்கலாம். ஒவ்வொரு மாணவனும் ஒரு வீட்டிலிருந்து வருகிறான். வீட்டை அவன் உடம்பிலிருந்து உரித்தெடுப்பது பள்ளியின் வேலை அல்ல. மாமிசம் உண்ணாதவனுக்கு அதைப் பரிமாற மாட்டோம். நோன்பிருப்பவனைச் சாப்பிடச் சொல்ல மாட்டோம். அப்படியானால் தனியே உண்பது தன் வீட்டு ஆசாரம் என்பவனை மட்டும் ஏன் வற்புறுத்த வேண்டும்? பன்மையை மதிப்பது என்று இன்று நாம் சொல்வதும் ஏறக்குறைய இதுதானே?

அல்ல என்பது என் கட்சி. மாமிசம் உண்ணாதவனின் மறுப்பு அவனுடைய இலையோடு முடிந்துவிடுகிறது. தனிப்பந்தியில் உட்காருகிறவனின் மறுப்போ அடுத்தவனுடைய இலையைப் பற்றியது. முன்னது வித்தியாசம், பின்னது அந்தஸ்து. வித்தியாசத்தின் உடையை அணிந்து வரும் அந்தஸ்தை அடையாளம் காணத் தெரியாத ஆசிரியனின் பரந்த மனம் யாருக்கும் உதவுவதில்லை. இரண்டே பேர்தானே என்ற சமாதானமும் செல்லாது. அந்த இருவர் விலகி உட்கார்ந்த கணத்தில் பொதுப்பந்தியில் இருந்த அத்தனை பேரும், ஒரு வார்த்தைகூடப் பேசப்படாமல், இன்னாரென்று வகுக்கப்பட்டுவிட்டார்கள். வாக்கு என்கிறார்களே, மற்றப் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டதும் அந்தப் பெற்றோர்களுக்குக் கொடுத்த வாக்குத்தானே? எழுதிக் கேட்கத் தெரியாதவர்களுக்குக் கொடுத்த வாக்கு கணக்கில் வருவதில்லை.

இது பழங்கதை அல்ல. அதே திருநெல்வேலி மாவட்டத்தின் நாங்குநேரியில், 2023 ஆகஸ்டில், ஒரு தலித் மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவை, வருகைப்பதிவேட்டில் சாதி தெரியக்கூடாது, கையில் வண்ணக் கயிறு கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. அகரவரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு யாரையும் தெரியாது. தெரியாமையே அதன் நியாயம். கயிறும் போகவேண்டியதுதான். அந்தப் பள்ளிகளில் அது அணிந்தவனைப் பற்றிச் சொல்வதைவிட அணியாதவனைப் பற்றிச் சொல்வதே அதிகம். ஆனால் அதே வரியில் நெற்றிக்குறியையும் சேர்த்தபோது குழுவோடு நான் பிரிகிறேன். எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் சமத்துவம் மிஞ்சும் என்பது ஒரு சோம்பல். தனிப்பந்தியைக் கலைக்கிறவன் எல்லோரையும் ஒரே குழம்பைச் சாப்பிடச் சொல்லத் தேவையில்லை. அடுத்தவனைத் தாழ்த்துகிறதா என்பதை ஆசிரியன் ஒவ்வொன்றிலும் நின்று பார்த்தாக வேண்டும். சிரமமான வேலைதான்; சுற்றறிக்கை அதைச் செய்து தராது.

அகரவரிசை எட்டாத இடம் ஒன்று உண்டு: ஆசிரியர்கள் உட்காரும் அறை. அங்கே யார் யாரோடு சேர்ந்து டிபன் டப்பாவைத் திறக்கிறார்கள், புதிதாக வந்த ஆசிரியரிடம் எந்தச் சுற்றுவழியில் ஊரும் தெருவும் விசாரிக்கப்படுகின்றன, 'கோட்டாவில் வந்தவர்' என்று தணிந்த குரலில் சொல்லப்படும்போது யார் சிரிக்கிறார்கள் என்பதெல்லாம் பையன்களுக்குத் தெரியும். நோட்டுக்கட்டைச் சுமந்துகொண்டு உள்ளே வருகிறவன் அரை நிமிஷத்தில் படித்துவிடுகிறான். நல்ல ஆசிரியரும் அங்கே இருக்கிறார். அவர் சிரிப்பதில்லை. வகுப்பில் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறார். அறைக்குள் மட்டும், சக ஊழியரோடு எதற்கு மனஸ்தாபம் என்று, டப்பா மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறார். ஐயரின் கதையைச் சொல்வது ஒரு மரம். ருக்மிணிக்கு நேர்வதையெல்லாம் பார்க்கிறது, உருகுகிறது, நின்ற இடத்தில் நிற்கிறது. மரத்துக்கு வேறு வழியில்லை. நோட்டுக்கட்டை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போகிற பையன் யார் சிரித்தார்கள் என்பதைக் கவனித்ததுபோலவே யார் பேசாமல் இருந்தார்கள் என்பதையும் கவனித்திருக்கிறான்.