துயர் யாருடையது?

பல்லாண்டுகள் வீட்டில் வளர்ந்த பூனையொன்று ஒருநாட் காலையில் எழுந்து நிற்க இயலாது ஒருபுறமாகச் சாய்ந்து விழுகின்றது. தலை கோணியிருக்கின்றது, கண்மணிகள் ஓயாது இடமும் வலமும் அசைகின்றன, நடக்க முயலுங்கால் வட்டமிட்டு உருள்கின்றது, வாயிலிருந்து உமிழ்நீர் வடிகின்றது. முதல்நாள் மாலை மதில்மேல் அமர்ந்திருந்த பிராணி அது. பாரிசவாதம் என்பார் சிலர். வயதும் போய்விட்டதே என்பார் வேறு சிலர். மிருகவைத்தியரைக் கொண்டு ஊசியேற்றி அதன் வாழ்வை அமைதியாக முடித்துவிடுவதே கருணை என்ற எண்ணம் அன்று மாலைக்குள்ளேயே வீட்டாரிடம் எழுந்துவிடுகின்றது. பிராணி சிறியதாயினும் இவ்வெண்ணத்தில் அடங்கியுள்ள அறப்பிரச்சினை சிறியதன்று.

முதலில் நோயின் இயல்பை நோக்குதல் வேண்டும். உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பு உட்செவியில் அமைந்துள்ளது. அதுவோ, அதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்போ திடீரெனப் பழுதுறும்போது மேற்கூறிய குறிகள் யாவும் தோன்றும். இவ்வாறு நோயுறும் பூனைகள் பலவற்றில் காரணம் எதுவும் கண்டறியப்படுவதில்லை. அத்தகையவை பெரும்பாலும் முதல் 72 மணித்தியாலங்களுக்குள் தேறத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் வழமைக்குத் திரும்புகின்றன. சிலவற்றில் தலைச்சாய்வு மட்டும் எஞ்சிநிற்கும். ஆயின் முதிய பூனையில் செவியழற்சி, உயர் குருதியமுக்கம், மூளைக்கட்டி முதலியனவும் இதே கோலத்தைத் தரக்கூடும். தேறிவிடும் நோயையும் தேறாத நோயையும் முதல்நாட் தோற்றத்தைக் கொண்டு மட்டும் வேறுபடுத்தல் வைத்தியருக்கும் எளிதன்று.

காட்சியின் கொடுமையும் வலியின் அளவும் ஒன்றல்ல என்பதே ஈண்டு முதன்மையானது. காரணமறியாத இவ்வகை நோயிற் பூனைக்கு உண்டாவது பெரிதும் தலைச்சுற்றும் குமட்டலும் அச்சமுமேயாகும். மாறாக, உண்மையான வலியால் வருந்தும் பூனை பெரும்பாலும் அலுமாரியின் பின்னே ஒடுங்கி ஓசையின்றிக் கிடக்கும். அதனைக் கண்டு எவரும் கண்ணீர் விடுவதில்லை. ‘கிழட்டுப் பூனை, தூங்குகிறது’ என்று கூறிக் கடந்துபோவர். உருண்டு விழுவதற்குக் கிடைக்கும் இரக்கம் ஒடுங்கிக் கிடப்பதற்குக் கிடைப்பதில்லையாயின், அவ்விரக்கம் பிராணியின் துயரை அளந்து எழுந்ததன்று. காண்போர் தம் கலக்கத்தையே அளந்து எழுந்தது.

விலங்குகளை இயந்திரங்களோடு ஒப்பிட்ட தேக்கார்ட்டின் கருத்துக்கு மறுப்பாக, 1789இல் வெளிவந்த நூலில் பெந்தம் துயருறும் ஆற்றலையே அறத்தின் அளவுகோலாக முன்வைத்தமை பலராலும் எடுத்துக்காட்டப்படுவதாகும். அது தக்கதே. எனினும், துயர் கணக்கில் எடுக்கப்படவேண்டும் என்பதை ஏற்றுக்கொண்ட பின்னரும், கணக்கிடப்படுவது யாருடைய துயர் என்னும் வினா எஞ்சியே நிற்கின்றது.

இவ்விடத்தில் 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் நிகழ்ந்ததொன்று நினைவுகூரத்தக்கது. தீராத நோயுற்ற கன்றொன்றை ஊசிமூலம் இறக்கச் செய்வதற்குக் காந்தியடிகள் உடன்பட்டார். கொல்லாமையை நோன்பாகக் கொண்டவரின் செயல் பெருங் கண்டனத்துக்குள்ளாயிற்று. அவர் செய்தது சரியா என்பதைக் காட்டிலும், எவ்வொழுங்கில் அம்முடிவை அடைந்தார் என்பதே கருதத்தக்கது. இயன்ற சிகிச்சையும் பணிவிடையும் முன்னரே செய்யப்பட்டிருந்தன. நம்பிக்கையில்லை என வைத்தியர் அறிவித்திருந்தார். புரண்டு படுக்கவும் இயலாத வேதனையிற் கன்று கிடந்தது. அவ்வொழுங்கிற் கடைசியாக வந்ததே ஊசி. நோயுற்ற பூனையின் வீட்டிலோ அதுவே முதலாவதாக நினைக்கப்படுகின்றது.

இதனால் கருணைக்கொலையே கூடாதென்பது பெறப்படாது. மூளைக்கட்டி முற்றி, உணவும் நீரும் இறங்காது நாட்கணக்கில் வருந்தும் பிராணியைத் ‘தானாகவே போகட்டும்’ என்று விட்டுவிடுவோர் பலர். தம் கைகளிற் பாவம் படியலாகாது என்னும் அவர்களது கவலையும் தம்மைப் பற்றியதே.

காத்திருத்தல் என்பது வாளாவிருத்தலுமன்று. மென்துணி விரித்த சிற்றறையில் பூனையைக் கிடத்தி, படிகளை மறைத்து, உணவையும் நீரையும் வாயருகே கொண்டுசென்று கொடுத்தல் வேண்டும். நாட்கணக்கில் உண்ணாத பூனையின் ஈரலிற் கொழுப்பு மிகுந்து அதுவே உயிருக்கு ஊறாகலாம். இரங்கிக் கொடுக்கும் மனித மருந்தும் ஆபத்தானது. பரசிற்றமோல் மாத்திரையொன்றே பூனையைக் கொல்லப் போதுமானது.

மனிதருக்கே மருந்து கிட்டாத நாட்டில் பூனைக்கு இத்துணை ஆராய்ச்சி ஏன் எனக் கேட்கப்படலாம். நேர்மையான கேள்விதான். விலையுயர்ந்த பரிசோதனைகளைச் செய்வித்தல் எல்லா வீட்டாருக்கும் கடமையாகாது. ஆயின் காதையும் குருதியமுக்கத்தையும் வைத்தியரிடம் ஒருமுறை காட்டியபின், மூன்று நாட்கள் அருகிருந்து ஊட்டுவதற்கு வேண்டியது பெரும்பாலும் பணமன்று, உறக்கமே. அவ்வுறக்கத்தை இழக்க விரும்பாதவர் அதனை அவ்வாறே கூறலாம். கருணை என்னும் பெயரை அதற்கு இடவேண்டியதில்லை.