எறும்பின் மூச்சு

எழுதுவோர் அவைக்குள் புதிதாய் நுழைபவர் தம்மைப் பற்றி எவ்வளவு கூறலாம்? தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்கிறது நன்னூல். ஆயினும் நான்கு இடங்களில் விலக்கு அளிக்கிறது. அவற்றுள் ஒன்று, தம் ஆற்றலை அறியாதார் நடுவே நிற்கும் நேரம். புதியவரின் நிலை இதுவன்றோ!

இருந்தும் நம் புலவர்கள் அவையடக்கத்தையே விரும்பினர். கீழக்கரை வள்ளல் சீதக்காதி ஆதரித்த உமறுப்புலவர், சீறாப்புராணத்தில், புலவர்முன் தம் சொல் சண்டமாருதத்தின் எதிரே எறும்பு விட்ட மூச்சு என்கிறார். 1964இல் தனுஷ்கோடியை அழித்த புயலை அறிந்த நமக்கு இவ்வுவமையின் அளவு விளங்கும். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் பாடியவர் எறும்பா? பொய்ப்பணிவு என்று சிலர் நகைப்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவர் தம் திறனை மறுக்கவில்லை. முன்னரே அவையில் அமர்ந்திருப்போரின் பெருமையை அளந்தார். எறும்பும் மூச்சு விடத்தான் செய்கிறது. நம் கடற்கரை ஊர்களின் இளைஞரோ, "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று தொடங்கி, பல வேளைகளில் அத்தோடு நின்றுவிடுகின்றனர். உமறு நிற்கவில்லை. சில பாடல்களில் அவையடக்கத்தை முடித்து நாட்டுப் படலத்துக்குச் சென்றுவிடுகிறார்: அங்கே மழை, ஆறு, வயல்.