ஒரு மெட்டுக்குக் குற்றமுண்டா?

இசைத்தட்டின் காலம் முடிந்துவிட்டதென்றே நாமெல்லாம் எண்ணியிருந்தோம். ஒலிநாடா வந்தது, குறுந்தட்டு வந்தது, பிறகு கையில் தொடுவதற்கு எதுவுமேயில்லாத இணையவழி இசை வந்தது. எனினும் ஐரோப்பாவில் 1990களின் பிற்பகுதி தொட்டு ஒரு வினோதமான வணிகம் தழைத்து வருகின்றது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இத்தாலியிலும் பிரான்ஸிலும் வெளியாகி, இன்று பெரும்பாலானோர் மறந்தேபோன திரைப்படங்களின் பின்னணி இசையை, மூல ஒலிநாடாக்களைத் தேடியெடுத்துச் செப்பனிட்டு, பன்னிரண்டு அங்குல வைனல் தட்டுக்களாக மீண்டும் அச்சிட்டு விற்கிறார்கள். ரோமிலும் லண்டனிலும் இதற்கென்றே சிறு நிறுவனங்கள் தோன்றின. பழைய சுவரொட்டி ஓவியம் அச்சிட்ட கனத்த உறை, உள்ளே படத்தின் வரலாறு கூறும் குறிப்பு, சில வேளைகளில் நிறந்தீட்டிய தட்டு. திகில் படமென்றால் தட்டிலேயே இரத்தம் தெறித்தாற்போல நிறம்.

நானும் இவற்றைச் சேர்ப்பவன். தொழில் நிமித்தம் லண்டனில் வாழ்ந்த வருடங்களில் தொற்றிய பழக்கம்; ஊர் திரும்பும்போது உடுப்புப் பெட்டியைவிட இசைத்தட்டுப் பெட்டிதான் பாரமாயிருந்தது. இசை ஆகுமா ஆகாதா என்ற நம்மவரின் நெடிய விவாதத்துக்குள் நான் இங்கு நுழையப் போவதில்லை. அதற்குரியவர்கள் இருக்கிறார்கள். என்னைத் துளைப்பது வேறொரு கேள்வி. ஒரு படத்திலிருந்து அதன் இசையைப் பிரித்தெடுத்துத் தட்டில் பதிக்கும்போது, அந்தப் படம் செய்தவற்றிலிருந்தும் இசை விடுபட்டு விடுகிறதா?

இலங்கை வானொலியில் தமிழ்த் திரைப்பாடல் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, படம் பாராமலே பாட்டை அறிவது புதிய விடயமல்ல. படமே ஊருக்கு வந்திராது. பாட்டு வாப்பாவின் வாயிலும் உம்மாவின் வாயிலும் இருக்கும். ஆனால் நமது பாட்டில் சொல் இருந்தது. சொல் கதையை ஓரளவு பிடித்து வைத்திருந்தது. ஐரோப்பியப் பின்னணி இசையில் அந்தப் பிடியும் இல்லை. எனியோ மொரிக்கோனேயின் எத்தனையோ படங்களில் ஒலிக்கும் பெண்குரல் எட்டா டெல்லோர்ஸோ என்ற பாடகியுடையது. மிகப் பல இடங்களில் அவர் ஒரு சொல்லைக்கூடப் பாடவில்லை. வெறும் உயிரொலியை நீட்டுகிறார். 1964இல் வெளியான 'எ பிஸ்ட்புல் ஒப் டொலர்ஸ்' படத்தில் உலகமே கேட்ட சீழ்க்கை அலெஸ்ஸாண்ட்ரோ அலெஸ்ஸாண்ட்ரோனியுடையது. (தட்டின் முகப்பில் இசையமைப்பாளரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், மூச்சைக் கொடுத்தவரின் பெயரைப் பின்னட்டையில் தேடவேண்டும். இது தனியாகப் பேசவேண்டிய அநியாயம்.) சொல்லற்ற குரலும் சீழ்க்கையும் எந்தக் கதைக்கும் கட்டுப்பட்டவையல்ல. அவற்றைக் கழற்றி எடுப்பது சுலபம்.

அப்படிக் கழன்று போய் நன்றாக வாழ்ந்த ஒரு மெட்டு உண்டு. 1968இல் லுய்ஜி ஸ்காத்தினி என்பவர் ஸ்வீடன் நாட்டைப் பற்றி ஒரு படம் எடுத்தார். ஆவணப்படம் என்பது பெயருக்குத்தான். வடநாட்டவரின் பாலியல் சுதந்திரத்தைக் கண்டிப்பதுபோல் காட்டிக் காசு பார்க்கும் படம். அதில் நீராவிக் குளியலுக்குப் போகும் பெண்களைக் காட்டும் காட்சிக்கென பியரோ உமிலியானி ஒரு வேடிக்கை மெட்டுப் போட்டார். அர்த்தமில்லாத 'மா நா மா நா' என்ற ஒலி. பாடியவர்கள் மேற்சொன்ன அலெஸ்ஸாண்ட்ரோனியும் அவரது மனைவியும். 1969இல் அது அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' சிறுவர் நிகழ்ச்சிக்குப் போயிற்று. பிறகு பொம்மைகளின் வாயிலேறி உலகம் சுற்றியது. இன்று அதைப் பாடும் எந்தப் பிள்ளைக்கும் அந்தப் படம் தெரியாது, தெரியவும் தேவையில்லை. இங்கே எனக்கு எந்தச் சங்கடமும் எழவில்லை. அந்தக் காட்சியிலிருந்து மெட்டை எடுத்துவிட்டாலும் காட்சி அப்படியேதான் இருக்கும். மெட்டு அங்கே வெறும் வழிப்போக்கன்.

ரிஸ் ஓர்ட்டொலானியிடம் வரும்போதுதான் விடயம் சிக்கலாகிறது.

1962இல் 'மோண்டோ கானே' என்ற இத்தாலியப் படம் வந்தது. உலகின் விசித்திரமும் குரூரமுமான வழக்கங்களைத் தொகுத்துக் காட்டி, பார்ப்பவனை அதிரவைப்பதே அதன் உத்தி. அதன் மேல் ஓர்ட்டொலானியும் நீனோ ஒலிவியெரோவும் விரித்த இசை மிக இனிமையானது. அதன் மெட்டு 'மோர்' என்ற ஆங்கிலப் பாடலாகி ஒஸ்கார் பரிந்துரை வரை சென்றது. அன்று கண்டுபிடிக்கப்பட்ட சூத்திரம் இதுதான்: காட்சி கொடியதாகும்போது இசை இனியதாக வேண்டும்.

அந்தப் படத்தை எடுத்தவர்களில் யாக்கொபெத்தியும் ப்ரொஸ்பெரியும் 1966இல் 'ஆபிரிக்கா அடியோ' எடுத்தார்கள். இசை ஓர்ட்டொலானியே. வெள்ளையர் வெளியேறிய ஆபிரிக்கா சீரழிகிறது என்று சொல்லும் படம். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 1967இல் அதனை இனவாதப் படமென்றே கண்டித்தார். அதே இருவரும் 1971இல் 'அடியோ ஸியோ டொம்' எடுத்தார்கள். அமெரிக்க அடிமை வணிகத்தைக் கண்டிக்கும் படமாம். படப்பிடிப்பின் பெரும்பகுதி ஹெய்ட்டியில், சர்வாதிகாரி டுவாலியரின் ஆசீர்வாதத்துடன் நடந்தது. அந்த நாட்டின் ஏழைக் கறுப்பின மக்களையே நிர்வாணமாக்கி, சங்கிலி பூட்டி, அடிமைகளாக நடிக்க வைத்தார்கள். அந்தப் படத்துக்காக ஓர்ட்டொலானி அமைத்து அவர் மனைவி கத்தீனா ரனியெரி பாடிய 'ஓ மை லவ்' என்ற பாடல், நாற்பது வருடங்களுக்குப் பின் 2011இல் 'ட்ரைவ்' என்ற ஹொலிவுட் படத்தில் ஒலித்தது. அந்தப் படத்தின் பாடற்தொகுப்பும் வைனலாக வந்தது. அதை வாங்கிய இளைஞர்களுக்கு அது ஒரு காதற் பாட்டு. ஹெய்ட்டியின் வெயிலில் நின்ற மனிதர்கள் அந்தத் தட்டில் எங்கும் இல்லை.

மூன்றாவது, 1980இல் ருஜ்ஜெரோ டியோடாட்டோ எடுத்த 'கனிபல் ஹொலோகோஸ்ட்'. அமேசன் காட்டில் ஆதிவாசிகளைப் படமெடுக்கப் போன குழுவொன்று, பரபரப்பான காட்சிகளுக்காகத் தானே அட்டூழியம் புரிவதுதான் கதை. நடிகர்களை உண்மையிலேயே கொன்றுவிட்டார்களோ என்ற சந்தேகம் எழுந்து, படம் இத்தாலியில் பறிமுதலாகி, அவர்கள் உயிரோடிருப்பதை இயக்குநர் நிரூபிக்க வேண்டியதாயிற்று. மனிதர்கள் சாகவில்லை. ஆனால் ஓர் ஆமை, ஒரு பன்றி, குரங்குகள் முதலான உயிர்கள் கெமராவுக்கு முன்னால் உண்மையாகவே கொல்லப்பட்டன. எதைக் கண்டிப்பதாகக் கதை சொல்லிற்றோ அதையே படம் செய்தது. வருடந்தோறும் ஹஜ்ஜுப் பெருநாளில் அறுப்பின் ஒழுங்குகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, பிராணியின் முன்னால் கத்தியைத் தீட்டக்கூடாதென்று கற்றுத்தரப்பட்ட நமக்கு, அந்த ஆமையின் காட்சியைப் பார்ப்பது மகா கஷ்டம். டியோடாட்டோ தேடிப்போன இசையமைப்பாளர் ஓர்ட்டொலானி. 'மோண்டோ கானே'யின் அந்த மெட்டுத்தான் அவரை அங்கே இழுத்தது. படம் ஒரு தாலாட்டுப் போன்ற மெட்டோடு தொடங்குகிறது. நான் கேட்ட திரையிசைகளில் அதைவிட மென்மையானவை மிகச் சில.

அந்தத் தட்டின் மறுபதிப்பு என்னிடம் இருக்கிறது.

இதுபற்றிப் பேசும்போது இலக்கிய நண்பர்கள் சொல்லும் வாதம் ஒன்றுண்டு. மெட்டு என்பது சுரங்களின் வரிசை. சுரத்துக்கு ஏது பாவம்? ஓர்ட்டொலானி கத்தி பிடிக்கவில்லை. படத்தை அறியாத ஒருவன் அதைக் கேட்டு உருகினால் அவன் எதைத் திருடினான்? இந்த வாதம் சரிதான். அறியாமற் கேட்பவன்மீது எனக்கும் எந்தப் புகாரும் இல்லை. ஆயினும் இதில் இரண்டு விடயங்கள் விடுபட்டுப் போகின்றன.

முதலாவது, இந்த மெட்டு வழிப்போக்கனல்ல. அதற்கு அங்கே ஓர் உத்தியோகம் இருந்தது. இசையை அகற்றிவிட்டு அந்தக் காட்சிகளைப் பாருங்கள். பாதியிலே எழுந்து போய்விடுவீர்கள். இனிமைதான் பார்ப்பவனை ஆசனத்தில் இருத்தி வைக்கிறது, 'நீ இரக்கமுள்ளவன், அதனாற்றான் உனக்கு வலிக்கிறது' என்று அவன் காதில் சொல்லிக்கொண்டே. 'மா நா மா நா'வுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவென்றே நினைக்கிறேன்.

இரண்டாவது விடயம் சேகரிப்பவனைப் பற்றியது. அறியாமற் கேட்டேன் என்று அவனால் சொல்ல முடியாது. அவன் படத்தின் பெயரைக் கொண்டே தட்டைத் தேடுகிறான். எந்தப் படம், எந்த ஆண்டு, எங்கே தடைசெய்யப்பட்டது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பெயரில்லாத ஒரு தாலாட்டுக்கு அவன் அந்த விலை கொடுக்கமாட்டான். விலையில் ஒரு பங்கு மெட்டுக்கு. இன்னொரு பங்கு அந்தப் படத்தின் கெட்ட பெயருக்கு. ஆமையின் சாவும் பற்றுச்சீட்டில் எழுதப்படாமல் அடங்கியிருக்கிறது. ஆகவே 'மெட்டுக்குக் குற்றமில்லை' என்று வாதாடும் உரிமை உலகில் யாருக்கிருந்தாலும், என்போன்ற சேகரிப்பாளனுக்கு இல்லை.

இந்த வணிகம் அருமையையும் தானே உண்டாக்குகிறது. அன்று இத்தகைய தட்டுக்களிற் பல குறைந்த தொகையாகவே அச்சாகின. அவை அரிதானது தற்செயல். இன்று எத்தனை ஆயிரமும் அச்சிடலாம். ஆனாலும் ஐந்நூறு பிரதிகள் மாத்திரம் என்று இலக்கமிட்டு விற்கிறார்கள். உனக்குக் கிடைத்தது மற்றவனுக்குக் கிடைக்காது என்பதே அங்கு சரக்கு.

அப்படியானால் தட்டை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று கேட்கலாம். இங்கே எனக்கு 'ஆபிரிக்கா அடியோ' நினைவுக்கு வருகிறது. 1964 ஜனவரியில் சன்ஸிபாரில் நடந்த புரட்சியின்போது அங்கிருந்த அரபு மக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டார்கள். ஓடுபவர்களும் கடற்கரையில் கிடக்கும் உடல்களும் ஆகாயத்திலிருந்து படமாக்கப்பட்டு அந்தப் படத்தில் இருக்கின்றன. அந்தக் கொலைகளுக்கு அசையும் படச்சான்று இதைத்தவிர மிக அரிது. இனவாதியின் கெமராதான் நம் சகோதரர்களின் ஜனாஸாக்களுக்குச் சாட்சி. அதை எரித்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாட்சியைக் காப்பது வேறு, அதன்மேல் பூசப்பட்ட தேனை நக்குவது வேறு என்றொருவர் சொல்லலாம். ஆனால் தேனும் சாட்சியின் பாகந்தான். கொடுமையை விற்பதற்கு எவ்வளவு நல்ல இசை தேவைப்பட்டது என்பதற்கு அந்தத் தட்டைவிட வேறு ஆதாரம் என்னிடமில்லை.

இந்தக் கேள்வி ஏட்டளவில் நின்றிருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன். என் சகோதரியின் மகன் குறும்படம் எடுப்பவன். தகப்பன் வழியில் எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுக் கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்த குடும்பம். புத்தளத்தில் வாழும் முதியவர்களைக் கொண்டு அந்த வெளியேற்றம் பற்றி ஒரு படம் செய்கிறான். அதில் ஒரு மூதாட்டி, எடுத்துவர விடப்படாத வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்கிக்கொண்டே போகிறார். என் வீட்டில் அந்தத் தாலாட்டு மெட்டைக் கேட்டவன், "மாமா, இது அந்த சீனுக்குக் கீழ போட்டா எப்பிடி இரிக்கும்!" என்றான்.

படத்தின் கதையைச் சொன்னேன். ஆமையைச் சொன்னேன், ஹெய்ட்டியைச் சொன்னேன். அவன் சற்று நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்:

"அப்ப வேற நல்ல மியூசிக்கப் போட்டாலும் அதே வேலையத்தானே மாமா செய்யும்?"

என்னிடம் பதிலிருக்கவில்லை. நான் ஒரு தட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவன் எல்லா இசையையும் பற்றிக் கேட்டுவிட்டான். பதிப்புரிமைக்காரர் அனுமதி தரமாட்டார் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு மாதம் கழித்து அவன் அந்தக் காட்சியை இரு விதமாக வெட்டிக் கொண்டுவந்தான். ஒன்றில் சோகமான ஒரு புல்லாங்குழல். மற்றதில் எதுவுமில்லை, மூதாட்டியின் குரலும் பின்னால் எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் கடந்து போகும் இரைச்சலும் மட்டும். என் மனைவியைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினோம். முதலாவதைப் பார்த்தபோது அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது முடிந்ததும் அழவில்லை. சற்றுப் பொறுத்து, "இந்தப் பெத்தும்மா இப்ப ஆரோட இரிக்கா?" என்று கேட்டார்.